தாகப் பதிவேடு

நாள் ஒன்று. தண்ணீர்: இல்லை.
இப்படித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.
நாற்பது தொட்டி, நாற்பது கோன்ஜா வாழை.
பாதியில் மரபணு திருத்தியது, பாதியில் திருத்தாதது.
எது எதுவென்று எனக்குத் தெரியாது.
தெரியக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.
கம்பாலாவுக்கு வடக்கே, வலை போர்த்திய கூடத்தில்
சாவி என்னிடம், குழாய் என்னிடம்,
குழாயைத் திறக்காமலிருக்கும் வேலையும் என்னிடம்.

வெளியிலிருந்து வரும் நோயென்றால் வேலி கட்டலாம்.
பூச்சி சுமந்து வந்தால் பூச்சியைத் துரத்தலாம்.
இது என்றைக்கோ உள்ளே புகுந்து
வாழையின் எழுத்தோடு எழுத்தாய் ஒட்டிக்கொண்ட வைரஸ்.
கிழங்கு கன்றுக்குக் கொடுக்கும்,
கன்று தன் கன்றுக்கு.
வாழையடி வாழையாக வருவது
வாழை மட்டும் அல்ல.

மழை பெய்யும்வரை தூங்கும்.
வேர் வறண்டு, மரம் தன் உயிரைப் பிடித்துக்கொள்ளும் அவசரத்தில்
எழுந்துவிடும்.
இலையில் மஞ்சள் கோடு, பிறகு கருப்பு,
பிறகு தண்டு பிளந்து
குலை பாதி வழியில் பிதுங்கும்.

இந்த வேலைக்கு முன்
ஜிஞ்சா சாலையில் சுட்ட கோன்ஜா விற்றேன்.
பேருந்து நிற்கும் அரை நிமிடத்தில்
ஜன்னல் ஜன்னலாகக் கை நீட்டி.
ஒரு கோடையில் அடுப்பு இருந்தது, கரி இருந்தது,
சுடக் காய் இல்லை.
அதன் பெயர் அப்போது எனக்குத் தெரியாது.

"அழித்துவிட்டீர்களா அதை?" என்று கேட்டேன்.
டாக்டர் லமுனு கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:
"இல்லை, நபோசா. மூன்று இடத்தில் வெட்டியிருக்கிறோம்.
உள்ளேதான் கிடக்கும்.
எழுந்தால் நடக்கக் கால் இருக்காது."
அவ்வளவு உறுதியாகச் சொன்னவர்
அவ்வளவு உறுதியாக நம்பினாரா,
தெரியவில்லை. நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

நாள் பதினொன்று. தண்ணீர்: இல்லை.
இலைகள் நடுநரம்பில் மடிந்து
குடையைச் சுருக்கியது போல் நிற்கின்றன.
நாள் பதினாறு. இல்லை.
வீட்டில் பாத்திரம் கழுவக் குழாயைத் திருகியபோது
யாரோ பார்ப்பது போல் திரும்பிப் பார்த்தேன்.

நாள் பத்தொன்பது.
இருபத்தேழாம் எண் மட்டும் இலை விரித்திருந்தது.
லமுனு படம் எடுத்தார், நான்கு பக்கமும்.
யாரையோ ஃபோனில் அழைத்து
மூச்சு விடாமல் பேசினார்.
நான் மண்ணில் விரல் விட்டேன்.
இரண்டு கணு ஆழத்தில் ஈரம்.

இரவுக் காவல் எத்யாங்.
சொரோட்டியில் ஒரே வறட்சியில்
பதினான்கு மாடு பறிகொடுத்தவர்.
"அவை இலை மடிக்கும் சத்தம் கேட்கிறது" என்றார்.
"எல்லாவற்றுக்கும் ஊற்றவில்லை, அம்மா.
கதவோரம் நின்ற ஒன்றுக்குத்தான்.
என் டீக் குவளையில்."

லமுனு திட்டவில்லை.
எடுத்த படங்களை ஒவ்வொன்றாக அழித்தார்.
எத்யாங்கை வெளிவாசலுக்கு மாற்றினார்கள்.
பதிவேட்டில் நான் எழுதியது:
எண் 27, நீக்கம். காரணம்: குவளை.

நாள் நாற்பத்திரண்டு.
ஒட்டிய உறையைப் பிரித்தார்கள்.
திருத்தாததில் பதினேழு கோடு விழுந்திருந்தன.
திருத்தியதில் நான்கு.
எல்லோரும் கை தட்டினார்கள்.
லமுனு அந்த நான்கின் முன்னால் குந்தியிருந்தார்,
மஞ்சள் கோட்டை விரலால் தடவியபடி,
கணக்குத் தவறிய வகுப்புப் பிள்ளை போல.
எங்கே வெட்டு விழவில்லை?
எந்தப் பிரதி தப்பியது?
விடிந்தால் மறுபடி தொடங்க வேண்டும்.

இருபத்தேழு எந்தப் பக்கம் என்றும் உறையில் இருந்தது.
எத்யாங் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அன்று மாலை குழாயைத் திறந்தேன்.
நாளைக்கு எரிக்கப்போகும் இருபத்தொன்றுக்கும் சேர்த்து.
மண் முதலில் வாங்க மறுத்தது,
மேலேயே நின்றது,
பிறகு ஒரு சின்னச் சத்தத்தோடு உள்ளே போனது.

பதிவேட்டில் எத்தனை லிட்டர் என்றொரு கட்டம் உண்டு.
நான் அளக்கவில்லை.